ஐயன் வண்டி ஓடுது

இல்ல கண்ணு, சன்னலோரம் நீயே உக்காரு. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா ஆகாது. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன், எறங்கறதுக்கும் சௌகரியம். ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்தா மட்டும் ஒரு வார்த்தை சொல்லீரு. பேச ஆரம்பிச்சா எனக்கு வெளிய என்ன போகுதுன்னே தெரியாது.

எங்க கொழுந்தனாரைப் பார்க்கப் போறேன். எங்கூட்டுக்காரரோட தம்பி, அர்த்தனாரின்னு பேரு. முந்தாநேத்து காலையில கட்டல்ல இருந்து எந்திரிக்கப் பார்த்தாராம், ஒரு பக்கம் கையி விழுந்துபோச்சு. வாய் கோணிக்கிச்சு. காது கேக்குதாம், சொல்றதெல்லாம் புரியுதாம், பேச்சு மட்டும் வர்றதில்லையாம். ஓரகத்தி ஃபோன்ல ஒரே அழுகை. "மாமாவை ஒருக்கா வரச் சொல்லுங்கக்கா, கதவையே பார்த்துக்கிட்டுக் கெடக்கறார்"ங்கறா.

எங்கூட்டுக்காரரா? வரலை. அதுதான் கண்ணு என் தலையெழுத்து. கூடப் பொறந்த தம்பி அப்படிக் கெடக்கறான், அண்ணங்காரர் சேர்ல உக்காந்து செவுத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார். கெஞ்சிப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன். வட்டல்ல சோத்தைப் போட்டு டொக்குனு முன்னால வெச்சும் பார்த்தேன். அசையறதா இல்ல. இந்த மனுசனைக் கெளப்பறதுக்குள்ள அந்த மனுசன் போய்ச் சேர்ந்துருவார்னு நானே பஸ் ஏறிட்டேன். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல, தெரியுமா? கொழுந்தனாருக்கும் எனக்கும். பேசி எத்தனையோ வருசம் ஆச்சு. எனக்கென்ன வந்தது? ஆனாலும் போறேன். யாராவது ஒருத்தர் போகோணுமல்லோ.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வண்டி. சிரிக்காத. வண்டின்னா, நீ வெச்சிருக்கேன்னு சொன்னயே, அந்த ஸ்கூட்டராட்ட இல்ல. புல்லட்டு. எங்க மாமனாரோடது. இவங்க ரெண்டு பேரும் அப்பாவை ஐயன்னுதான் கூப்பிடுவாங்க, அதனால அது ஐயன் வண்டி. கியரு வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல, எல்லாம் மாறித்தான் இருக்கும் அதுல. மாமனார் போனதுக்கப்பறம் பாகம் பிரிச்சாங்க. ஊடு எங்களுக்கு, தோட்டம் அவங்களுக்கு. வண்டி யாருக்குன்னு ஒருத்தரும் பேசலை. நின்ன எடம் எங்க ஊட்டு வாசல், அதனால எங்களுதுன்னு ஆயிப்போச்சு. கொழுந்தனாருக்கு அதுல வயித்தெரிச்சல். ஏன்னா வண்டியைத் தொடைச்சு, எண்ணெய் மாத்தி, ஓட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் அவருதான். எங்கூட்டுக்காரருக்கு அதை ஸ்டாண்டுல இருந்து எறக்கவே தெரியாது. அதுக்குன்னு கூடின பஞ்சாயத்துல அத்தனை பேர் முன்னால கொழுந்தனார் என்ன சொன்னார் தெரியுமா? "ஓட்டத் தெரியாத ஆளுக்கு வண்டி எதுக்கு? எல்லாம் வந்தவ பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆடற ஆட்டம்." வந்தவ! நான் வந்தவளாமா! நான் அந்த ஊட்டுக்குப் போனப்ப அரை டவுசரைப் புடிச்சுக்கிட்டு "நங்கையா, நங்கையா"ன்னு, எங்க பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடறது, சோத்துக்கு என் பின்னாலயே சுத்தின பையன் கண்ணு அது. அன்னிக்கு மூடினது என் வாயி. அண்ணனும் தம்பியும் அன்னிக்கே முடிஞ்சுது. கல்யாணம் காட்சியில பார்த்தா இவர் இந்தப் பந்தியில, அவர் அந்தப் பந்தியில.

வண்டி அப்பறம் தார்ப்பாய்க்குள்ளயே கெடந்துச்சு. பூனை குட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு அதுல. அப்படியே விட்டிருக்கலாம். இவர் ரிட்டயர் ஆகி வந்து உக்காந்தார் பாரு, அங்கதான் சனி ஆரம்பிச்சுது. பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர் இவரு. விசில் ஊதிப் பசங்களை வரிசையில நிக்க வெக்கறதுதான் தெரியும். ஊட்டுல ஒரு பல்பு போனாக்கூட நான்தான் மாத்தோணும். ஃபோன்ல எவனோ ஒருத்தன் எஞ்சினைப் பிரிச்சு மாட்டறதைப் பார்த்துட்டார். "கருணா, இதுல ஒண்ணுமே இல்ல, நீ இட்லிக் குண்டாவைப் பிரிச்சுக் கழுவி மறுபடி அடுக்கற பாரு, அந்த மாதிரிதான்"ங்கறார். மெக்கானிக்குகிட்ட விடுங்கன்னேன். "ஐயன் வண்டியைக் கண்டவன் தொடறதா?"ன்னுட்டார்.

பிரிச்சார். பிரிக்கறதுக்கு என்ன, பிரிக்கறது யாரு வேணா பிரிப்பாங்க. கூடம் பூரா பேப்பரை விரிச்சு எறைச்சு வெச்சுட்டார். ஒறம்பரை வந்தா உக்கார எடமில்ல. சோபாவுல சிலிண்டர், டிவி பக்கத்துல பிஸ்டன், நான் பூப்போட்ட டம்ளர் அடுக்கற பலகையில பல்சக்கரம். ஒரு விசயம் மட்டும் உசாராப் பண்ணினார். அந்தப் பல்சக்கரம் மூணும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு ஓடுமாம். இந்தப் பல்லு அந்தப் பல்லோடதான் சேரோணும், ஒரு பல்லு தள்ளிப் போனாலும் வண்டி வேலைக்காகாது. சக்கரத்துல அடிச்சிருந்த பழைய குறியெல்லாம் தேஞ்சுபோச்சாமா. அதனால கழட்டறதுக்கு முன்னாலயே எங்க மக விட்டுட்டுப் போன சேப்பு நெயில் பாலிஷை எடுத்து, சேர வேண்டிய பல்லுல எல்லாம் புள்ளி வெச்சுக்கிட்டார். அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டி ஒரே பெருமை.

அதுக்குள்ள ஆயுத பூஜை வந்துருச்சு. அருவாமணையில இருந்து கத்திரிக்கோல் வரைக்கும் பொட்டு வெச்சுக் கும்பிடறோம், ஐயன் வண்டிக்கு வெக்காம விட முடியுமா? ஆனா வண்டி எங்க இருக்குது? ஊடு பூரா இருக்குது. இவர் பொரி கடலை வாங்கச் சந்தைக்குப் போயிட்டார். நான் பார்த்தேன். அத்தனையும் கருப்புப் பிசுக்கு. சாமி முன்னால இப்படியா வெப்பாங்க? கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சு மிச்சம் இருந்த தின்னரை ஒரு போசியில ஊத்தினேன், ஒவ்வொண்ணா உள்ள போட்டேன், தேங்கா நாரை வெச்சுத் தேய் தேய்னு தேய்ச்சு எடுத்தேன். என் இடுப்பே கழண்டுபோச்சு. எப்படி இருந்துச்சுங்கற? புதுப் பாத்திரமாட்ட மின்னுச்சு. தலைவாழை எலை போட்டு வரிசையா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் குங்குமம் வெச்சேன். வெறும் குங்குமம் இரும்புல நிக்காதுன்னு எண்ணெயில கொழைச்சு வெச்சேன். பல்சக்கரத்துக்கெல்லாம் பல்லு மேலயே அழகா ஒவ்வொரு பொட்டு. இவர் வந்து பார்த்துட்டு, "அட, ஐயனுக்கே பட்டுக் கட்டினாப்பல இருக்குது கருணா"ன்னார். அவர் வாயில இருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததே அன்னிக்குத்தான்.

என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? பஸ்ஸு குலுங்கறதா?

சரி, கேளு. நோம்பி முடிஞ்சு மாட்ட உக்காந்தார். முதல்லயே மாட்டிக்கிட்டார். பிஸ்டன் தலையில ஒரு அம்புக்குறி இருக்குது, அது முன்னால பார்க்கோணுமா பின்னால பார்க்கோணுமான்னு சந்தேகம். ஃபோன்ல தேடிப் பார்த்தார், ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் ஒண்ணு சொல்றான். உக்காந்தார், எந்திரிச்சார், வாசலுக்குப் போனார், வந்தார். அப்பறம் ஃபோனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, வெச்சுட்டார். மறுபடி போட்டார். நான் ஒரு பக்கமா நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அத்தனை வருசம் பேசாத தம்பிகிட்ட முதல் வார்த்தை என்ன கேட்டார் தெரியுமா? நல்லாருக்கியா, புள்ளைங்க நல்லாருக்குதா, ஒண்ணும் இல்ல. "பிஸ்டன்ல அம்புக்குறி எந்தப் பக்கம் வரோணும்?"

அந்தப் பக்கம் இருந்து, "எந்த வண்டிக்கு?"

"ஐயன் வண்டிக்குத்தான்."

"முன்னால." வெச்சாச்சு. அவ்வளவுதான்.

அடுத்த நாளே மறுபடி. பிஸ்டனுக்குள்ள ஒரு ஊசிக் கம்பி வளையம் மாட்டோணும், லாக்குங்கறாங்க, கம்மல் திருகாணியாட்டப் பொடிசு. இவர் அதைக் கட்டிங் பிளேயர்ல புடிச்சு அமுத்தினார், டிங்குனு துள்ளிச்சு, போச்சு. எங்க போச்சுன்னே தெரியலை. நானும் இவரும் நாலு கால்ல தவழ்ந்து தேடறோம். தம்பிக்கு ஃபோன். "எஞ்சின் வாயில துணி அடைச்சு வெச்சயா?"ங்கறார் அவரு. இவர் முழிக்கறார். "துணி அடைக்காம எவனாச்சும் லாக் மாட்டுவானா? உள்ளதான் விழுந்திருக்கும், போ." வண்டியவே கவுத்து, காந்தத்தை நூல்ல கட்டி உள்ள விட்டு, மீன் புடிக்கறாப்பல ரெண்டு நாள் புடிச்சாங்க. புடிச்சாங்கன்னா, இவர் இங்க புடிக்கறார், அவர் அங்க இருந்துக்கிட்டு "இன்னும் இடது பக்கம் விடு, மெதுவா, மெதுவா"ங்கறார். அவருக்குச் சக்கரை, கால்ல ஆறாத புண்ணு, ஊட்டை விட்டு வெளிய வர முடியாது. அதனால எல்லாம் ஃபோன்லதான். லாக்கு கெடைச்சப்ப ரெண்டு பேரும் போட்ட சத்தத்துல பக்கத்து ஊட்டம்மா எட்டிப் பார்த்துட்டா.

அதுக்கப்பறம் தெனமும் ஆயிப்போச்சு. காப்பி குடிச்சு டம்ளரை வெச்சதும் ஃபோனை எடுத்துருவார். பிஸ்டனைச் சுத்தி மாட்டற ரிங்கு வாயெல்லாம் ஒரே கோட்டுல இருக்கக் கூடாதாமா. சிலிண்டரை எறக்கறப்ப ரிங்கை விரல்ல அமுத்திக்கிட்டே எறக்கோணுமாமா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, "பொறு, பொறு, கை வழுக்குது"ம்பார் இவரு. "பொறுமையாப் பண்ணு, யாரு தொரத்தறா?"ம்பார் அவரு. அண்ணான்னு ஒரு வார்த்தை வராது அந்த வாயில. இவரும் அர்த்தனாரின்னு பேரைச் சொல்ல மாட்டார். ரிங்கு, போல்ட்டு, வாசர், அவ்வளவுதான். என் பேச்சு எடுபடலை ஊட்டுல. அடுப்புல கொழம்பு வெச்சுட்டுச் சோறு திங்க வாங்கன்னு கூப்பிட்டா, "இரு கருணா, டேப்பெட்டு"ங்கறார். டேப்பெட்டாம்!

எப்படியோ எல்லாத்தையும் மாட்டி முடிச்சார். பல்சக்கரம் வெக்கறப்ப அந்தப் பக்கம் இருந்து நல்லாக் கேட்டார் அவரு. "புள்ளியெல்லாம் பார்த்துச் சேர்த்தயா?" "பளிச்சுனு தெரியுதுப்பா. நானே வெச்ச சேப்புப் புள்ளி. பல்லோட பல்லு புள்ளி சேருது." "அப்ப சரி." கண்ணாடியைக்கூட ஒழுங்காத் தொடைச்சுப் போடாத மனுசன், பளிச்சுனு தெரியுதாம்.

உதைச்சார். வண்டி தும்முச்சு. மறுபடி உதைச்சார். சைலன்சர்ல டமார்னு ஒரு வெடி, காக்காயெல்லாம் பறந்துச்சு. மூணாவது உதைக்கு அந்த உதைக்கற கம்பியே திருப்பி உதைச்சது பாரு, கெண்டைக்கால்ல, "ஐயோ"ன்னு சுருண்டு உக்காந்துட்டார். ஃபோன் கீழ கெடக்குது, அதுக்குள்ள இருந்து ஒரே கத்தல். "அண்ணா! அண்ணா! என்னாச்சு? அண்ணா, பேசு!" அன்னிக்குத்தான் அந்த வார்த்தை வந்துச்சு. எனக்கு உருகலை கண்ணு. நடிப்புன்னுதான் நெனைச்சேன்.

ஏன்னா எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. கழட்டறார், மாட்டறார், உதைச்சா ஓடறதில்ல. மறுபடி கழட்டறார். அந்த மனுசன் சொல்றபடியெல்லாம் பண்ணியும் ஏன் ஓட மாட்டேங்குது? வேணும்னே தப்பாச் சொல்றான், பழைய வன்மம்னு எனக்குப் பட்டுச்சு. அண்ணனை உக்கார வெச்சு வேடிக்கை பார்க்கறான்னு. பொங்கலும் போச்சு, தைப்பூசமும் போச்சு. கூடத்துல இன்னும் இரும்பு. ஒரு நாள் நான் துணி காயப் போட்டுட்டு வர்றேன், ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. மாமனார் ஒருக்கா மாமியாரைச் சந்தையில விட்டுட்டு, பின்னால உக்காந்திருக்கறதா நெனைச்சு வழி பூரா பேசிக்கிட்டே ஊட்டுக்கு வந்துட்டாராம். இவருக்குக் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பு. அந்தப் பக்கமும் இருமி இருமிச் சிரிப்பு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்காரா? என்னை "வந்தவ"ன்னு சொன்ன வாயோட என்ன சிரிப்பு?

முடிவு கட்டறேன் இதுக்குன்னு இருந்தேன். ஒரு நாள் இவர் சாவுக்குப் பெருந்துறை வரைக்கும் போனார். போன கையோட நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கற ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்துட்டேன். அந்தத் தம்பி பக்கத்து மூடியைக் கழட்டினான், உள்ள டார்ச்சு அடிச்சான், சிரிச்சுட்டான். "அக்கா, இந்தப் புள்ளியை யாரு வெச்சது?"ங்கறான். எங்கூட்டுக்காரர்னேன். வெரல்ல தொட்டு மோந்து பார்க்கறான். "இது பெயின்ட் இல்லக்கா, குங்குமம். தப்பான பல்லுல இருக்குது. இதை நம்பி மாட்டினா ஏழு ஜென்மத்துக்கும் வண்டி ஓடாது."

இதென்ன கண்ணு நியாயம்? பூஜைக்கு வெச்ச குங்குமம் வண்டியைக் கெடுக்குமா? நெயில் பாலிஷைப் பார்த்து வெச்சிருக்கோணும் அவரு, தேய்ச்சா போறாப்பலயா வெப்பாங்க? நீயும் சிரிக்கற பாரு. நான் அந்தத் தம்பிகிட்ட, "அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஓட வெச்சுட்டுப் போ"ன்னுட்டேன். என்னமோ அளந்து பார்த்துத் திருப்பி வெச்சான். பேசிக்கிட்டு இருக்கறப்பவே வேலை முடிஞ்சுது. ஒரே உதை. டுப்பு டுப்பு டுப்புன்னு நின்னு பேசுது வண்டி. மாமனார் எதுக்க நிக்கறாப்பல இருந்துச்சு.

இவர் வீதி முக்குல வர்றப்பவே சத்தத்தைக் கேட்டுட்டார். வேகு வேகுனு வந்தார். நான் சிரிச்சுக்கிட்டு நிக்கறேன், இன்னிக்கு நமக்கு ஒரு பேரு கெடைக்கும்னு. டேங்கு மேல கையை வெச்சார். "யாரு பண்ணினது?"ன்னார். சொன்னேன். குங்குமத்தைப் பத்திச் சொல்லலை. எதுக்கு வீணா? அணைச்சுட்டு உள்ள போனார். தம்பிக்கு ஃபோன் பண்ணினார்.

"ஓடுது."

"அப்படியா." அந்தப் பக்கம் அவ்வளவுதான். "என்ன கோளாறு?"

"தெரியலை. மெக்கானிக் வந்து பார்த்தானாம்."

"சரி."

"சரி."

யாரு முதல்ல வெக்கறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் தானாவே கட்டாயிருச்சு.

அதோட சரி கண்ணு. அதுக்கப்பறம் ஃபோன் இல்ல. கூடம் சுத்தமாச்சு. நான் மொழுகி, கோலம் போட்டு, டம்ளரையெல்லாம் பலகையில அடுக்கினேன். வேளா வேளைக்குச் சோறு திங்கறார். எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா காப்பி குடிச்சு டம்ளரை வெச்சதும் அவர் கை தன்னால ஃபோனுக்குப் போகும். எடுப்பார், பார்ப்பார், வெச்சுருவார். அப்பறம் வாசலுக்குப் போய் வண்டியை ஒரு உதை உதைச்சு, ஓடுதான்னு கேட்டுட்டு, அணைச்சுட்டு வந்து சேர்ல உக்காருவார். ஒரு நாளாவது ஏறி ஓட்டலை. "ஓட்டுங்களேன், தம்பி ஊட்டுக்கே ஓட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்"னு நான்கூடச் சொன்னேன், வாய் தவறி. "கூப்பிடாத ஊட்டுக்கு எப்படிப் போறது?"ன்னார். ஒருக்கா அவராவே ஃபோன் பண்ணினார் அங்கிருந்து. நான் ஓடிப் போய்க் கேட்டேன். "வண்டி எப்படி?"ங்கறார். "நல்லாருக்குது"ங்கறார் இவரு. முடிஞ்சுது. ஒரு பொய் சொல்லத் தெரியுதா பாரு. டேப்பெட்டு சத்தம் வருதுன்னு சொன்னா என்ன? எண்ணெய் ஒழுகுதுன்னா என்ன கொறைஞ்சுபோச்சு? டிரில் மாஸ்டராம் டிரில் மாஸ்டர்.

நான் நல்லதுக்குத்தானே பண்ணினேன்? நீயே சொல்லு. ஓடாத வண்டியை ஓட வெச்சது தப்பா? என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறார். கேட்டா, "ஒண்ணும் இல்ல"ங்கறார். அந்த ஒண்ணும் இல்லையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்.

அப்பறம் முந்தாநேத்து இந்தச் சேதி வந்துச்சு. ஸ்பீக்கர்லதான் போட்டேன், இவரும் கேட்டார். நான் ஒரு பையில துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வெச்சு, கெளம்புங்கன்னேன். சேர்ல உக்காந்தவர் எந்திரிக்கலை. நேத்தும் கூப்பிட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? மெதுவாச் சொன்னார், எனக்கே சரியாக் கேக்கலை. "போய் என்னன்னு கேக்கறது கருணா? வண்டிதான் ஓடுதே. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே."

நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுட்டேன் கண்ணு. ஒரு பொம்பளை அண்ணன் தம்பியை எப்படிச் சேர்த்து வெப்பா? புருசன்கிட்டச் சொன்னா ஏறலை. கொழுந்தனாரோட எனக்குப் பேச்சே இல்ல. எனக்கு எஞ்சின் தெரியாது, டேப்பெட்டு தெரியாது. தேய்ச்சுக் கழுவத் தெரியும், சோறாக்கத் தெரியும். எதைத் தொட்டாலும் அது வேற மாதிரி ஆயிப்போகுது. நான் என்னதான் பண்ணட்டும்?

இன்னிக்குக் காலையில அவர் மேலுக்குத் தண்ணி வார்க்கப் போயிருந்தார். நான் வாசல்ல வண்டிகிட்டப் போய் நின்னேன். ஒரு உதை விடலாமான்னு வந்துச்சு ஆத்திரம். அவர் வெச்சிருக்கற ஸ்பேனர் பை பக்கத்துலயே இருந்துச்சு. எதைக் கழட்டறதுன்னு எனக்கு என்ன தெரியும்? ஒரு வயரு தலையில தொப்பியாட்ட மாட்டியிருந்துச்சு, இழுத்தேன், வந்துச்சு. அதுக்கு அடியில ஒண்ணு முறுக்கியிருந்துச்சு. கொழாயாட்ட ஒரு ஸ்பேனர் இருக்குதல்லோ, அதை மாட்டித் திருகினேன். கையெல்லாம் செவந்துபோச்சு. கழண்டுச்சு. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறிட்டேன்.

இரு, காட்டறேன். இந்தா. நீ பாரு, இது என்ன சாமானு?

பிளக்கா?

உன்னோட ஸ்கூட்டர்லயும் இருக்குதா? நீயே கழட்டி மாட்டுவயா? அட கெரகமே. பெரிய சாமானா இருக்கும்னு நெனைச்சேனே. தம்பிகாரர்கிட்டக் கொண்டு போய்க் கையில வெச்சு, "உங்க அண்ணனுக்கு இதை மாட்டத் தெரியலையாம், கேட்டுட்டு வரச் சொன்னார்"னு சொல்லலாம்னு இருந்தேன். அப்படிச் சொன்னாலாச்சும் அவருக்கு ஒரு தெம்பு வராதா? பேச்சு வராட்டிப் போகுது, கையிலாவது காட்டுவாரல்லோ. இதை மாட்டறது எல்லாருக்கும் தெரியும்னா, பார்த்ததும் பொய்யின்னு கண்டுபுடிச்சுருவாரே.

கண்டுபுடிச்சா புடிக்கட்டும் போ.

யாரோட ஃபோன் அது? என்னுதா? சித்தெ இரு கண்ணு, பைக்குள்ள அடியில போயிருச்சு. அவருதான். காப்பி குடிச்சாச்சாட்ட இருக்குது. கத்தப் போறார் பாரு.

சொல்லுங்க. பஸ்ல இருக்கேன். ஆமா, வண்டியில ஒரு சாமானைக் காணோம். தெரியும். நான்தான் கழட்டினேன். ஏன்னு கேட்டா? சும்மாத்தான். கத்தாதீங்க, பக்கத்துல ஆளுக இருக்காங்க. தொலைக்கலை, என்கிட்டப் பத்திரமா இருக்குது. உங்க தம்பிகிட்டக் குடுக்கப் போறேன். ஆமா, ஆஸ்பத்திரியிலதான். வேணும்னா வந்து அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்குங்க.

அலோ? இருக்கீங்களா? அலோ?

கட்டாகலை கண்ணு. மூச்சு விடற சத்தம் கேக்குது.

ஆங், சொல்லுங்க. என்னது? சத்தமாச் சொல்லுங்க, பஸ் எரைச்சல்ல காது கேக்கலை.

எந்த பஸ்ஸுல ஏறோணும்னு கேக்கறார், கண்ணு. இது எந்த பஸ்ஸு? நம்பரைச் சொல்லு, சீக்கிரம் சொல்லு.